எழுபது சதுர அடியும் ஒரு ஜன்னலும்: தொம்மலூரின் பணியிடங்களும் பகிர்வுக் குடியிருப்புகளும்

கேள்வி

பெங்களூரின் கிழக்கில், பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தை ஒட்டி விரிந்திருக்கிறது தொம்மலூர். அதன் ஒரு புறத்தில் பன்னாட்டு நிறுவனங்கள் குடியேறிய கண்ணாடி அலுவலக வளாகம். இன்னொரு புறத்தில், கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் தேடிவந்து பார்க்கும் ஆற்றல் சிக்கனக் கட்டடம் ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில், முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் நான்கைந்து மாடிகளாக எழுந்து நிற்கும் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதிகள். பகலில் அலுவலகத்தில் மேசையைப் பகிர்ந்துகொள்பவர்களில் கணிசமானோர், இரவில் இந்த விடுதிகளில் அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஓரிடம் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இப்போது புழக்கத்தில் இருக்கும் அளவுகோல்கள் மூன்று. ஆளுக்கு எத்தனை சதுர அடி என்பது அரசின் அளவுகோல். சதுர அடிக்கு எவ்வளவு வாடகை என்பது முதலீட்டாளரின் அளவுகோல். உள்ளலங்காரம் எப்படி என்பது விளம்பரத்தின் அளவுகோல். அங்கே இருப்பவர் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் வெளிச்சத்தையும் ஓசையையும் கதவையும் எந்த அளவுக்குத் தானே தீர்மானிக்க முடிகிறது என்பதை இம்மூன்றும் கேட்பதில்லை. அந்த நான்காவது அளவுகோலே முதன்மையானது என்பதும், பணியிடத்தையும் தங்குமிடத்தையும் தனித்தனியாக ஆராய்வதால் அது கண்ணில் படாமல் போகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஊரும் நிலமும்

தொம்மலூர் தகவல் தொழில்நுட்பத்தோடு பிறந்த ஊர் இல்லை. அங்குள்ள சொக்கப்பெருமாள் கோயில் பெங்களூரின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்று. அதன் தமிழ்க் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களையும் வருவாயையும் குறிக்கின்றன. பி. எல். ரைஸ் தொகுத்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியில் அவை இடம்பெற்றுள்ளன. பெங்களூரின் பல ஊர்களைப் போலவே தொம்மலூருக்கும் ஓர் ஏரி இருந்தது. நகரம் இழந்த ஏரிகளின் பட்டியல்களில், குடியிருப்பு மனைகளாக மாறியவற்றின் வரிசையில் அதன் பெயர் வருகிறது. பக்கத்திலுள்ள சல்லகட்டா ஏரியின் நிலத்தில் இன்று கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் புல்வெளி விரிந்திருக்கிறது.

இந்த நில வரலாறு வடிவமைப்பைப் பற்றிய கட்டுரைக்குப் புறம்பானதன்று. ஏரி ஊரார் அனைவரும் புழங்கிய இடம். அது மனையாகவும் மைதானமாகவும் மாறியபோது, சேர்ந்து புழங்கும் இடம் என்பதே காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்காகிவிட்டது. எஞ்சிய நீர்வழிகள் கழிவுநீர் ஓடும் ராஜகால்வாய்களாகி, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெள்ளந்தூர் ஏரிக்குப் போகின்றன. புல்வெளியைப் பார்த்திருக்கும் கட்டடத்துக்கும் கால்வாயைப் பார்த்திருக்கும் கட்டடத்துக்கும் வாடகையில் மட்டுமின்றி, உள்ளே வரும் காற்றிலும் வேறுபாடு உண்டு.

திறந்த தளத்தைப் பற்றிய புரிதல்கள்

தடுப்புகள் இல்லாத பெரிய தளத்தில் எல்லோரையும் அமர்த்தும் அலுவலக முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் குவிக்போர்னர் குழு, மேசைகளை வேலைத் தொடர்புக்கு ஏற்ப அள்ளித் தெளித்ததுபோல் அமைக்கும் முறையை முன்வைத்தது. 1960களில் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் ‘ஆக்ஷன் ஆஃபீஸ்’ என்ற அறைகலன் தொகுதியை உருவாக்கினார். பணியாளர் தன் இடத்தைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நிறுவனங்கள் அதன் தட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்த இடத்தில் அதிகம் பேரை அடைக்கும் க்யூபிக்கிள் வரிசைகளாக்கிவிட்டன. பணியாளரின் கைக்காகச் செய்யப்பட்ட பொருள் மேலாளரின் கணக்குக்குப் பயன்பட்ட நிகழ்வு இது.

திறந்த தளத்துக்கு ஆதரவான வாதம் எளிமையானது: அருகில் இருப்பவர்கள் அதிகம் பேசுவார்கள், அதிகம் பேசினால் புதிய எண்ணங்கள் பிறக்கும். எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1970களில் வெளியிட்ட ஆய்வு இதன் முதல் பாதிக்குச் சான்று தந்தது. பொறியாளர்கள் அமர்ந்திருக்கும் தொலைவு கூடக்கூட அவர்களுக்கிடையிலான பேச்சு வேகமாகக் குறைவதை அவர் காட்டினார்.

பின்னர் வந்த சான்றுகள் படத்தைச் சிக்கலாக்கின. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 303 அலுவலகக் கட்டடங்களில் 40,000க்கும் மேற்பட்டோர் அளித்த பதில்களை ஆராய்ந்தது. எளிதாகப் பேச முடிவதால் கிடைக்கும் நன்மை, இரைச்சலாலும் தனிமை இழப்பாலும் வரும் தீமையை ஈடுகட்டவில்லை என்பது அதன் முடிவு. 2018இல் ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீஃபன் டர்பனும், திறந்த தளத்துக்கு மாறிய இரண்டு பெருநிறுவனங்களில் பணியாளர்களின் கழுத்தில் உணர்கருவிகளை அணிவித்து அளந்தார்கள். நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது; மின்னஞ்சல் கூடியிருந்தது. யாரும் எப்போதும் பார்க்கக்கூடிய இடத்தில், மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துத் தங்களுக்கென ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறார்கள்.

இந்த ஆய்வுகளை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் கண்டது எங்கும் நடக்கும் என்று சொல்லப் போதாது. தவிர, இந்திய அலுவலகத்தில் தனி கேபின் என்பது பதவியின் அடையாளம். அதை நீக்கியதில் ஒரு சமத்துவ உணர்வும் இருந்தது. மேலதிகாரியும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் ஒரே மாதிரியான மேசையில் அமர்வதைச் சிறு மாற்றம் என்று தள்ளிவிட முடியாது. எனினும் சான்றுகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடுகின்றன: சிக்கல் திறந்திருப்பதில் இல்லை, வேண்டும்போது மூடிக்கொள்ள வழியில்லாமல் இருப்பதில் உள்ளது.

கால்வாய்க்கு முதுகு காட்டிய கட்டடம்

தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் டெரி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான சான்று. எரிசக்தியையும் இயற்கை வளங்களையும் ஆராயும் அந்நிறுவனத்துக்காக, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளையொட்டி இதை வடிவமைத்தவர் சஞ்சய் மோஹே. இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. ஆர். டி. டாட்டா நினைவு நூலகத்தை வடிவமைத்தவரும் அவரே.

மனை கடினமானது. தெற்கெல்லையை ஒட்டிக் கழிவுநீர்க் கால்வாய். காற்று வீசுவதோ பெரும்பாலும் தெற்கிலிருந்து. ஜன்னல் வைத்தால் நாற்றம் உள்ளே வரும். வைக்காவிட்டால் காற்று வராது. வழக்கமான தீர்வு, கட்டடத்தை முழுவதும் அடைத்துக் குளிர்சாதனம் பூட்டுவது. பெங்களூரில் அலுவலக வளாகங்களைக் கட்டியவர்களில் பலர் கால்வாய் இல்லாத இடத்தில்கூட அதைத்தான் செய்தார்கள்.

மோஹே வேறு வழி கண்டார். தெற்குப் பக்கத்தை முழுச் சுவராக மூடி, அதன் வெளிப்புறத்தில் கறுப்புக் கடப்பைக் கல் பலகைகளைச் சற்று இடைவெளி விட்டுப் பொருத்தினார். வெயில் பட்டதும் கறுப்புக் கல் சூடேறுகிறது. கல்லுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள காற்றும் சூடேறி மேலே எழுந்து வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, வடக்கிலிருந்து தூய காற்று கட்டடத்துக்குள் இழுக்கப்பட்டு, அமர்ந்திருப்பவர்களைக் கடந்து தெற்குச் சுவரின் மேற்பகுதி வழியே வெளியே போகிறது. இயற்கைக் காற்று தெற்கிலிருந்து வடக்கே போக, கட்டடத்துக்குள் ஓடும் காற்று வடக்கிலிருந்து தெற்கே போகிறது. வெயில் ஏற ஏற இழுப்பும் கூடும். எப்போது காற்று மிகவும் தேவையோ அப்போது அது மிகுதியாகக் கிடைக்கும். கூரைத் திறப்புகள் வழியாகவும் நடுமுற்றம் வழியாகவும் பகல் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. மாடித் தோட்டத்தின் மண் கூரையைச் சூடேறவிடாமல் காக்கிறது.

இந்தக் கட்டடம் மின்சாரத்தைச் சேமிப்பதற்காகவே பெரிதும் பேசப்படுகிறது. இக்கட்டுரைக்கு அதைவிட முக்கியம், உள்ளே இருப்பவருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உறவு அறுபடாமல் இருப்பது. நடுமுற்றத்தைச் சுற்றி வேலையிடங்கள் அமைவதால் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கவும் முடிகிறது. தன் மூலையில் ஒதுங்கியிருக்கவும் முடிகிறது. திறந்த தளமா, மூடிய அறையா என்ற பழைய வழக்குக்கு, திட்டப் படத்தில் ஒரு கோட்டைப் போடுவதன் மூலமாக மட்டும் தீர்ப்பு வராது. கட்டடத்தின் குறுக்குவெட்டில், அதாவது தளங்களும் முற்றமும் கூரையும் ஒன்றோடொன்று சேரும் விதத்தில், அதற்கு விடை தேடலாம் என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய கட்டடத்தில் அமர்ந்திருப்பவர்கள் உண்மையில் வசதியாக உணர்கிறார்களா? நேரடிச் சான்று பெங்களூரையும் உள்ளடக்கிய ஒரு பெரிய ஆய்விலிருந்து கிடைக்கிறது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் 16 அலுவலகக் கட்டடங்களில், மூன்று பருவங்களில், 6,330 பதில்களைத் திரட்டினார்கள். இயற்கைக் காற்றோட்டம் உள்ள அலுவலகங்களில் இந்தியப் பணியாளர்கள் பன்னாட்டுத் தரநிலைகள் கருதுவதைவிட அதிக வெப்பத்திலும் இயல்பாக இருக்கிறார்கள் என்று தெரியவந்தது; அவர்களுக்கு இதமான வெப்பநிலை பருவத்துக்கேற்ப 19.6 முதல் 28.5 டிகிரி வரை மாறியது. ஜன்னலைத் திறக்கலாம், மின்விசிறியைக் கூட்டலாம், உடையை மாற்றலாம் என்னும்போது உடலும் மனமும் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன. இந்த முடிவுகளிலிருந்து உருவான மாதிரி 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. பிடி கையில் இருப்பவருக்குச் சகிப்பும் கூடுகிறது என்பதே இதன் சாரம்.

வாடகைச் சதுர அடியின் ஆட்சி

தொம்மலூரை ஒட்டிய எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகம் இதற்கு எதிர்த் திசையில் நிற்கிறது. ஏறத்தாழ 65 ஏக்கரில் அமைந்த இவ்வளாகத்தில் பன்னாட்டு நிறுவனங்களின் பல்லாயிரம் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். மரங்கள், நடைபாதைகள், உணவுக் கூடங்கள் என்று நகரின் பல தெருக்களில் கிடைக்காத வசதிகள் அங்கே உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பல பெண் பணியாளர்களுக்கு, இரவில் வெளிச்சமும் காவலும் உள்ள ஒரு வளாகம் தெருவைவிடப் பாதுகாப்பானது.

ஆனால் அந்த வடிவமைப்பை இயக்கும் விசை வேறு. இந்தியாவின் முதல் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளையாக எம்பசி ஆஃபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் பாதி உரிமை அதனுடையது. அன்றுமுதல் அங்குள்ள ஒவ்வொரு சதுர அடியும் காலாண்டு அறிக்கையில் ஓர் எண். எவ்வளவு பரப்பு வாடகைக்குப் போயிற்று, சதுர அடிக்கு எவ்வளவு வந்தது என்பவை அறிக்கையில் வருகின்றன. ஜன்னலைத் திறக்க முடிகிறதா என்பது வருவதில்லை. ஆழமான தளங்களும், மூடிய கண்ணாடி முகப்பும், மையக் குளிர்சாதனமும் எந்த வாடகைதாரருக்கும் எளிதில் பிரித்துத் தரத்தக்க பரப்பை உண்டாக்குகின்றன. கட்டடத்தின் உருவத்தை முடிவுசெய்வது அந்தத் தேவைதான்.

இதே தேவையின் அடுத்த கட்டம் நெகிழ்வு அலுவலகம். எம்பசி குழுமத்தின் வீவர்க் இந்தியா 2017இல் பெங்களூரில் தொடங்கியது. உள்ளூரிலேயே பிறந்த பீஹைவ், கோவர்க்ஸ், இண்டிக்யூப் போன்றவையும் வளர்ந்தன. சிறு நிறுவனங்களுக்கு இவை உண்மையான உதவி செய்தன. பெரிய அட்வான்ஸ் கட்டி நீண்ட ஒப்பந்தம் போட முடியாத இருவர் கூட்டு முயற்சிக்கும் மீட்டிங் ரூமும் இணையமும் முகவரியும் கிடைத்தன. ஆனால் அன்றன்று காலியாக இருக்கும் மேசையில் அமரும் ஹாட் டெஸ்க் முறையில் இழப்பதும் உண்டு. தனக்கென ஒரு இழுப்பறை, சுவரில் ஒட்டிய குழந்தையின் படம், உயரம் சரிசெய்துவைத்த நாற்காலி ஆகியவை போய்விடுகின்றன. தொலைபேசியில் பேசக் கண்ணாடிப் பெட்டி போன்ற போன் பூத்துக்குள் புகவேண்டும். திறந்த தளம் பறித்த தனிமையை, நிமிடக் கணக்கில் திருப்பித் தரும் சாதனம் அது.

இந்த வளாகங்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை இடமும் தொம்மலூரில் உண்டு. டெரி வளாகத்தில் 2005இல் தொடங்கி, 2019இல் அதே இரண்டாம் ஸ்டேஜில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் அது. ஹண்ட்ரட்ஹேண்ட்ஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அக்கட்டடத்தில், சொற்பொழிவுக்கும் கண்காட்சிக்கும் பெரும்பாலும் கட்டணமின்றி நுழையலாம். மேசைக்கு வாடகை கட்டாமல் ஒரு மாலையைக் கழிக்கக்கூடிய கூரைக்கடியிலான இடங்கள் இந்நகரில் அரிதாகிவிட்ட காலத்தில், இப்படி ஒன்று நடக்கும் தொலைவில் இருப்பது அறையைப் பகிர்ந்து வாழும் ஒருவருக்கு எத்தனை சதுர அடிக்குச் சமம் என்பதை எந்த விதியும் கணக்கிடவில்லை.

பிஜி: சட்டம் பார்ப்பதும் பார்க்காததும்

அலுவலகத் தளத்தில் ஒருவருக்கு ஒதுக்கப்படும் இடம் சுருங்கியபோது, அந்த ஒருவர் தங்கும் இடமும் கூடவே சுருங்கியது. பெங்களூரில் வாடகை வீட்டுக்குப் பல மாத வாடகை முன்பணம் கேட்கப்படும் வழக்கம் உண்டு. தனியாக வரும் இளைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வீடு தர மறுக்கும் உரிமையாளர்களும் உண்டு. ஒரு மாத அட்வான்ஸோடு நுழையக்கூடிய பிஜி இந்தக் கதவடைப்பின் விளைவு. டபுள் ஷேரிங், டிரிபிள் ஷேரிங், ஃபோர் ஷேரிங் என்று விலை இறங்கும். கட்டில், கப்போர்டு, மூன்று வேளை உணவு, வைஃபை, வாரம் சில முறை துப்புரவு. இதையே நிறுவனமயமாக்கி, செயலியும் பொதுக்கூடமும் வண்ணச் சுவர்களும் சேர்த்து ‘கோ-லிவிங்’ என்று விற்கும் நெஸ்ட்அவே, ஸோலோ, கோலிவ் போன்றவை 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நகரில்தான் தோன்றின.

சட்டத்துக்கு இந்த இடம் வீடா விடுதியா என்பதே நெடுநாள் குழப்பம். பணிபுரிவோரும் மாணவரும் நீண்டகாலம் தங்கும் விடுதியாக நடத்தப்படும் கட்டடம் வரியைப் பொறுத்தவரை குடியிருப்பே என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2023 ஜூலையில் அதே மாநிலத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், பிஜி குடியிருப்பு ஆகாது, 12 சதவீத வரி உண்டு என்றது. 2024 ஜூனில் ஜிஎஸ்டி மன்றம், தொடர்ந்து 90 நாட்களாவது தங்கி, மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மேற்படாமல் கட்டணம் செலுத்துவோருக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. வரிக் கேள்வி ஓரளவு தீர்ந்தது. அங்கே வாழ்பவருக்குக் குடியிருப்பவர் என்ற முறையில் என்ன உரிமை என்ற கேள்வியை அது தொடவில்லை.

2024 ஜூலையில் கோரமங்களாவின் மகளிர் பிஜி ஒன்றில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து ஆகஸ்டில் பெங்களூரு மாநகராட்சி பிஜிக்களுக்கு விதிமுறைகளை வெளியிட்டது. கண்காணிப்புக் கேமராக்கள், இரவும் பகலும் காவலர், உணவு உரிமம், தீப் பாதுகாப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி. அதே ஆண்டு மார்ச்சில் நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்ததை நினைத்தால், தண்ணீர் விதி எவ்வளவு அவசியமானது என்பது புரியும். உயிர்ப் பாதுகாப்பை முதலில் வைத்ததும் சரியே.

அந்த 70 சதுர அடியைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அது 6.5 சதுர மீட்டர். மூன்றுக்கு ஆறு அடிக் கட்டில் அதில் 18 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். கப்போர்டும் கதவு திறக்கும் இடமும் நடக்கும் இடமும் மீதியை. கூரை 2.75 மீட்டர் உயரம் என்றால், ஒருவருக்குக் கிடைக்கும் கன அளவு 18 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அச்சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட தொழிற்சாலைகளில் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. வேலை செய்யச் சில மணி நேரம் நிற்கும் இடத்துக்கு 14.2, தூங்கி, எழுந்து, உடுத்தி, நோயுற்றுப் படுத்து, விடுமுறை நாள் முழுவதும் கழிக்கும் இடத்துக்கு 18. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

மனையைக் கொண்டும் கணக்கிடலாம். 1,200 சதுர அடி மனையில் தளத்துக்கு 900 சதுர அடி கட்டப்பட்டதாகவும், படிக்கட்டு, நடை, குளியலறைகள் போக 600 மிஞ்சுவதாகவும் கொள்வோம். விதிப்படி அங்கே எட்டுப் பேர் தங்கலாம். நான்கு தளங்களில் 32 பேர். அந்தத் தளத்தின் அறைகள் நடுநடையின் இரு பக்கமும் வரிசையாக அமைந்தால், பக்கவாட்டு அறைகளின் ஜன்னல்கள் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கும். கையை நீட்டினால் தொடக்கூடிய தொலைவில். சதுர அடி விதி முழுதாக நிறைவேறிய அந்த அறையில் பகலிலும் விளக்கு எரியும். நால்வரில் ஒருவர் இரவுப் பணிக்காரர் என்றால், அவர் தூங்கும் நேரம் மற்றவர் விளக்கைப் போடும் நேரம். விதிமுறையில் இதற்கு இடமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தப் போதாமை வெளிப்பட்டது. பிஜிக்கள் காலியாயின, போக முடியாதவர்களுக்குக் கட்டிலே அலுவலக மேசையாயிற்று. பணியிடமும் தங்குமிடமும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2025க்குள் நான்கில் ஒரு பங்கினர் மட்டும் அலுவலகத்திலிருந்து வேலை செய்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. இத்தகைய ஒவ்வொரு அறிவிப்பும் நிறுவனத்தின் வாடகைக் கணக்கைப் போலவே தொம்மலூர் போன்ற ஊர்களின் கட்டில் எண்ணிக்கையையும் மாற்றுகிறது. முதலாவதைத் திட்டமிட வல்லுநர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதைத் திட்டமிட ஒருவரும் இல்லை.

இரண்டு தமிழ் மண் ஒப்பீடுகள்

பகிர்ந்து வாழும் இடம் என்றாலே இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டது. டோக்கியோவில் பணிபுரிந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிஷெக் சாமரும் களத்தில் இருந்து எழுப்பினார்கள். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரைவரை திருப்பத்தக்க தகடுகள். அறையில் இருப்பவர் அவற்றைத் தன் கையால் திருப்பி, காற்றையும் மழையையும் வெயிலையும் அளந்து உள்ளே விடலாம். அறைகளின் நகர்த்தும் தேக்குக் கதவுகளில் பட்டைகளுக்கிடையே இடைவெளி உண்டு. கதவு மூடியிருக்கும், காற்று நடமாடும், வெளியிலிருந்து பார்வை நுழையாது. தனிமை வேண்டுமானால் காற்றை இழக்கவேண்டும் என்ற விதியை அக்கட்டடம் ஏற்கவில்லை.

கோல்கொண்டாவை அப்படியே நகலெடுக்க முடியாது. அங்கே வாழ்ந்தவர்கள் வாடகைதாரர்கள் இல்லை. ஒரு கட்டுப்பாட்டை விரும்பி ஏற்றவர்கள். கட்டுமானத்துக்கு ஆண்டுகள் ஆயின. நிலத்தின் விலை அழுத்தவில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் பொறிநுட்பத்தின் எளிமை: கையால் திருப்பும் தகடும், பட்டைக் கதவும் எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்யக்கூடியவை.

இன்னொரு ஒப்பீடு ஸ்ரீபெரும்புதூர். 2021 டிசம்பரில், மின்னணுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் சிப்காட், வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் வளாகத்தைத் திறந்தது. தமிழக அரசின் ‘தோழி’ விடுதிகளும் பணிபுரியும் பெண்களுக்காகப் பல நகரங்களில் வந்துள்ளன. தங்குமிடம் தொழில் கட்டமைப்பின் ஒரு பகுதி, அதற்கு அரசும் பொறுப்பு என்ற ஏற்பு இதில் இருக்கிறது. பெங்களூரின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சி அந்தப் பொறுப்பை முப்பதுக்கு நாற்பது மனைக்காரர்களிடம் விட்டுவிட்டது. ஆயினும் ஆலைக்காகக் கட்டப்பட்ட பெருவிடுதியில், வேலை போனால் கட்டிலும் போகும் ஆபத்து உண்டு. போய்வரும் நேரத்தையும் வருகையாளரையும் யார் தீர்மானிப்பது என்பது அங்கே இன்னும் கூர்மையான கேள்வி.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, விலை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் விட்டால் கட்டில்கள் குறையும், வாடகை ஏறும், ஏழைப் பணியாளர் நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுவார் என்பது உண்மையான அச்சம். அதனால்தான் அளவுகோல் பரப்பை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது. கட்டிலுக்குத் தனி விளக்கும் சுவிட்சும், பூட்டத்தக்க பெட்டகம், கட்டிலைச் சுற்றித் திரை, அறைக்கு வெளியே தொலைபேசி பேச ஒரு மூலை ஆகியவை சதுர அடியைக் கூட்டாமலே தரத்தக்கவை.

இரண்டாவது, விருப்பம். இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளே தங்குகிறார்கள், அவர்களே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. லண்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஓல்ட் ஓக் என்னும் பெரிய கோ-லிவிங் கட்டடமும் இந்த நம்பிக்கையில் எழுந்ததே. அதை நடத்திய நிறுவனம் 2021இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. அதே 2021இல் வெளியான லண்டன் பெருந்திட்டம், இவ்வகைக் கட்டடங்களுக்குப் பொதுச் சமையலறை, வெளிப்புற இடம் உள்ளிட்டவற்றையும் மூன்று மாதக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்கியது. தங்குபவர் மாறிக்கொண்டே இருக்கலாம். அந்தக் கட்டில் ஒருபோதும் காலியாக இருப்பதில்லை என்ற அடிப்படையில் விதி எழுதப்படவேண்டும்.

மூன்றாவது மறுப்பு, டெரி போன்ற கட்டடம் ஒரு நிறுவனம் தனக்கெனக் கட்டிக்கொண்டது. வாடகைக்கு விடுபவர் ஏன் அவ்வளவு சிந்திக்கவேண்டும் என்பது. இது வலுவான மறுப்பு. பயன்படுத்துபவரே கட்டுபவராக இருக்கும்போது நன்மை அவருக்கே திரும்புகிறது. வாடகைச் சந்தையில் அப்படி இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே விதிகள் தேவைப்படுகின்றன.

முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு செய்திகள் தெளிகின்றன. ஒன்று, திறந்த தளம் பற்றிய ஆய்வுகளும் வெப்ப வசதி பற்றிய இந்திய ஆய்வும் வெவ்வேறு துறைகளில் தொடங்கி, பயன்படுத்துபவரின் கையிலுள்ள பிடியே மனநிறைவைத் தீர்மானிக்கிறது என்ற ஒரே இடத்துக்கு வருகின்றன. இரண்டு, மோசமான மனையிலும் நெருக்கமான ஊரிலும் அந்தப் பிடியைத் தரும் கட்டடம் சாத்தியம் என்பதற்குத் தொம்மலூரிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் சான்று உண்டு. மூன்று, பிஜி விதிமுறைகள் உயிரையும் உடலையும் காக்கத் தொடங்கியிருக்கின்றன. காற்று, வெளிச்சம், ஓசை, தனிமை ஆகியவற்றை இன்னும் எட்டவில்லை. நான்கு, பெரிய அலுவலக வளாகங்களுக்கு அனுமதி தரும்போது அவற்றின் பணியாளர்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்கும் நடைமுறை இல்லை.

நான்காவதைச் சரிசெய்வது கடினம் இல்லை. இத்தனை லட்சம் சதுர அடி அலுவலகத்துக்கு இத்தனை வாகன நிறுத்துமிடம் என்று கட்டட விதிகள் இப்போதே கேட்கின்றன. கார் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் விதி, அந்தக் காரில் வராத பணியாளர் படுக்கும் இடத்தையும் கணக்கிடலாம். பிஜி ஆய்வுக்கு வரும் மாநகராட்சி அலுவலர், அறையின் நீள அகலத்தோடு சேர்த்து, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு கட்டிலுக்கும் சுவிட்ச் உண்டா, அறைக்கு வெளியே உட்கார இடம் உண்டா என்ற மூன்று வரிகளையும் தன் படிவத்தில் நிரப்பலாம். அளவு நாடாவோடு வரும் அதே அலுவலர், அதே வருகையில், கூடுதல் செலவின்றிச் செய்யக்கூடிய வேலை இது.